ஸ்டவ் மேல் அமர்ந்த பூவாடைக்காரி

பரோடா
22-1-1989

அன்புள்ள பேபி அக்காவுக்கு,

குளிரில் உதடு வெடித்திருப்பதைத் தவிர நான் சௌக்கியம். நீயும் மாமாவும் அத்தை கெங்கம்மாளும் சௌக்கியம்தானே? வரலட்சுமிக்கு முன்பல் விழுந்துவிட்டதாக எழுதியிருந்தாய். முளைத்துவிட்டதா?

பொங்கலுக்கு நான் வராததற்கு ஒரு படம்தான் காரணம். இந்தக் கல்லூரியில் என்னோடு படிப்பவர்கள் எல்லாரும் சாமியைத்தான் வரைகிறார்கள், ஆனால் காலண்டர் சாமி இல்லை. ஒரு பெங்காலிப் பையன் காளியை டிராம் வண்டியில் தொங்கவிட்டிருக்கிறான். ஒரு பெண் யசோதைக்கு நர்ஸ் உடுப்பு மாட்டியிருக்கிறாள். நான் மட்டும் ஒரு வருஷமாகக் குதிரையும் மரமும் வரைந்து எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நம் பக்கத்துச் சாமி எது என்று யோசித்தபோது பூவாடைக்காரிதான் ஞாபகத்துக்கு வந்தாள். வீட்டில் வாழ்ந்து செத்துப்போன சுமங்கலியைச் சாமியாக்கி, நல்ல காரியத்துக்கு முன்னால் புடவை வைத்துக் கூப்பிடுவோம் என்று சொன்னால் இங்கே வாயைப் பிளக்கிறார்கள். அவளுக்கு உருவம் கிடையாது. ஒரு கலசமும் புதுப்புடவையும்தான். நான் அவளுக்கு ஒரு முகம் வைக்கப்போகிறேன்.

நம் வீட்டுப் பூவாடைக்காரி நம் பெரியக்கா தாயம்மாதானே. அவளுடைய கல்யாணப் போட்டோ உன் வீட்டில் இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்பு. பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வந்து தூங்காமல் வீட்டு வேலைக்கு அலைய வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி,
உத்தமன்


ஆவடி குவார்ட்டர்ஸ்
14-2-1989

அன்புத் தம்பி உத்தமனுக்கு,

உன் உதட்டுக்கு நெய் தடவு. நெய் கிடைக்காத ஊரா அது? இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்குக் கண்புரை கூடிவிட்டது. பக்கத்தில் வந்து தொட்டுப் பார்த்துத்தான் ஆளைச் சொல்கிறார். முத்தாபுதுப்பேட்டையில் வாங்கிய மனையில் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஐப்பசியில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று மாமா குறியாக இருக்கிறார்.

போட்டோ அனுப்ப முடியாது. கோபித்துக்கொள்ளாதே. அதை நான் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். தாயக்கா போனபோது வரலட்சுமிக்கு ஒன்றரை வயது. அப்பா என்னை அதே வீட்டுக்கு, அவள் இருந்த இடத்துக்கே கட்டிக்கொடுத்தார். குழந்தை என்னைப் பார்த்து அம்மா என்றுதான் முதல் வார்த்தை பேசியது. இன்றுவரை அவளுக்கு வேறு அம்மா தெரியாது. பூவாடைக்காரி என்றால் கலசத்தில் வரும் ஒரு சாமி, அவ்வளவுதான் அவளுக்கு. பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று அத்தையும் சொல்லிவிட்டார். பம்பை அடித்துச் சாமியைப் பாடி அழைக்கிற பம்பைக்காரரிடம்கூடப் பேர் சொல்லி வர்ணிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

அதனால் நீ வேறு யார் முகத்தையாவது வை. உன் குதிரைக்கு வேண்டுமானாலும் புடவை கட்டு. தாயக்கா முகம் மட்டும் வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பேபி


பரோடா
11-3-1989

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நெய் தடவினேன், உதடு ஆறிவிட்டது. அத்தையின் கண்ணை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

உன் பேச்சைக் கேட்கவில்லை. போட்டோ இல்லாமலே வரைந்துவிட்டேன். நாலடிக்கு மூன்றடி. பூவாடைக்காரி குவார்ட்டர்ஸ் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ். அதன்மேல்தான் ஆசனம். எட்டுக் கை. ஒன்றில் இடுக்கி, ஒன்றில் தீப்பெட்டி, ஒன்றில் குழந்தையின் பவுடர் டப்பா. இப்படி ஒவ்வொன்றிலும் ஒன்று. இடுப்புக்குக் கீழே புடவை கிடையாது, அதன் கரை மட்டும் கோடாக ஓடுகிறது. மஞ்சள் பூசிய முகம். இடது கன்னத்துக்கு மட்டும் நிறம் வரவில்லை. நாலு தடவை சுரண்டி நாலு தடவை பூசிவிட்டேன், வெந்த தோல் மாதிரியேதான் நிற்கிறது.

சுரண்டும்போதெல்லாம் ஒரே கேள்விதான். பெரியக்கா வெந்துபோன அன்று நான் மெட்ராஸ் காலேஜ் பையன்களோடு சிற்பம் வரைய மகாபலிபுரம் போயிருந்தேன். சேதி கிடைத்து வந்தபோது மூன்றாம் நாள். அவளால் பேச முடியவில்லை. நீதான் முதல் நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தாய். அவள் உன்னிடம் என்ன சொன்னாள் அக்கா? இந்த ஐந்து வருஷத்தில் நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

வரலட்சுமிக்கு என் முத்தம். உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி,
உத்தமன்


ஆவடி குவார்ட்டர்ஸ்
9-6-1989

அன்புத் தம்பிக்கு,

மூன்று மாசமாகப் பதில் போடவில்லை. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. இந்த வருஷ வெயிலில் தண்ணீர் லாரி நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. குடத்தைத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. கட்டடத்துக்கும் தண்ணீர் இல்லை. கொத்தனார் நான்கு நாள் வருவதும் பத்து நாள் மட்டம் போடுவதுமாக இருக்கிறார். வரலட்சுமி இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். புது டீச்சர் பேர் ஜமீலா. வீட்டுக்கு வந்தால் அந்த டீச்சர் புராணம்தான்.

நீ கேட்டதற்கு: ஸ்டவ் வெடித்தது என்று போலீஸ் எழுதிக்கொண்டார்கள். தாயக்காவே சொல்லி ரேகை வைத்தாள். எழுதினது எழுதினபடி இருக்கட்டும். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். ராத்திரி தூக்கத்தில் என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அந்தக் கைக்கு மேல் எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

அங்கேயும் வெயில் கடுமையாக இருக்கும். மோர் நிறையக் குடி.

உன் அக்கா,
பேபி


பரோடா
8-7-1989

அன்புள்ள அக்காவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து இப்போது தேவலை. நீங்கள் அனைவரும் நலமா?

இங்கே படத்தைக் கல்லூரிக் கூடத்தில் மாட்டினோம். மூன்றாம் நாள் ஏழெட்டு பேர் வந்து, அம்மனை எப்படி ஸ்டவ் மேல் உட்கார வைத்தாய், எப்படிக் கன்னத்தை வேகவைத்தாய் என்று சத்தம் போட்டார்கள். இது எங்கள் வீட்டுச் சாமி, என் சொந்த அக்கா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். அது இன்னும் வம்பாகிவிட்டது. மறுநாள் படத்தைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஹாஸ்டலில் வைத்தால் கிழித்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

மெட்ராசில் டிசம்பரில் ஒரு கண்காட்சி. வீராசாமி என்பவர் நடத்துகிறார். இந்தப் படம் கட்டாயம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அங்கே டெல்லியிலிருந்து ஆட்கள் வருவார்கள். எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைப்பது இந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது. அதுவரை உன் வீட்டில் இருக்கட்டும். மரப்பெட்டியில் அடித்து ரயில் பார்சலில் அனுப்புகிறேன். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு. பிரிக்கவே வேண்டாம்.

வேறு யாரிடம் கேட்பேன்? உடம்பு பத்திரம்.

உன் தம்பி,
உத்தமன்


ஆவடி குவார்ட்டர்ஸ்
1-8-1989

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? இங்கே உடம்பு எல்லாருக்கும் சரியாகத்தான் இருக்கிறது. மற்றது எதுவும் சரியாக இல்லை.

சென்ட்ரலில் பார்சல் ஆபீசுக்குப் போய் மாமாவே பெட்டியை வேனில் எடுத்துவந்தார். கட்டிலுக்கு அடியில்தான் தள்ளினோம். பெட்டியின் மேல் நீ என்ன எழுதி வைத்தாய்? கூலிக்காரர்கள் தூக்கிப் போடாமல் இருக்க, 'சாமி படம், கவிழ்க்காதே' என்று தமிழில் பெரிதாக எழுதியிருக்கிறாய். வரலட்சுமி அதை எழுத்துக்கூட்டிப் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். அத்தை பிடித்துக்கொண்டார். "சாமிய கட்டிலுக்கு அடியில போட்டுட்டு மேல காலு நீட்டிகினு படுக்கிறதா? ஆடி மாசத்துல யாராவது செய்வாங்களா?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்து வீட்டு நாகம்மாவிடம் சுத்தியல் வாங்கி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, கூழ் ஊற்றுகிற நாள். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்துக்கு வந்தபோது படம் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அத்தையின் கண்ணுக்கு மஞ்சளும் சிவப்பும் எட்டுக் கையும்தான் தெரிந்திருக்கிறது. நெற்றியில் குங்குமம் அப்பி, பூ சாத்தி, கற்பூரம் ஏற்றிவிட்டார். உத்தமா, அவளேதான். ஒன்றும் சொல்லாமல் பார்க்கும்போது உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாளே, அதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அழுகையும் வந்தது.

கூழுக்குச் சொம்பு எடுத்துக்கொண்டு வந்த நாகம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாக்கா, நம்ம தாயம்மா மாரியே கீது" என்றாள். மாமா அவளுக்குப் பின்னால் கூழ் அண்டாவோடு நின்றிருந்தார். அண்டாவை இறக்கிவைத்தார், சட்டையை மாட்டிக்கொண்டார், போய்விட்டார். அன்று அவருக்கு ஷிப்டு கிடையாது.

நல்லவேளை, வரலட்சுமி தெருவில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் வந்து கைகளை எண்ணிப் பார்த்தாள். எட்டு என்றாள். யார் என்று கேட்கவில்லை. கேட்கும் நாள் வந்தால் நான் என்ன செய்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
பேபி


பரோடா
10-8-1989

அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. நீங்கள் நலம் என்பதில் சந்தோஷம்.

கட்டிலுக்கு அடியில் வை, பிரிக்காதே என்று எழுதினேனா இல்லையா? ஆயில் பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. அதன்மேல் குங்குமமும் கற்பூரப் புகையுமா? ஆறு மாச உழைப்பு அக்கா. தண்ணீர் பட வேண்டாம், உலர்ந்த பஞ்சால் குங்குமத்தைத் தட்டி எடு. அது சாமி இல்லை, படம். அத்தைக்குப் புரிகிற மாதிரி சொல். சாமியாக்கிக் கும்பிட்டுவிட்டால் அப்புறம் யாருமே அதைப் பார்க்க மாட்டார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஒன்று மட்டும் சொல். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போனார்?

உத்தமன்


ஆவடி
4-9-1989

மைத்துனர் உத்தமனுக்குக் கஜபதி எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு எழுதவும்.

நீ அனுப்பிய படம் கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அம்மா பொட்டு வைத்து விளக்கேற்றிவிட்டதால் என் கையால் அதை வெளியில் போட முடியாது. தினம் சாமி கும்பிட்டுத்தான் மெஷின் தொடுகிறவன் நான். படம் உன்னுடையது, நீ ஆள் அனுப்பி எடுத்துக்கொள். ஐப்பசியில் கிரகப்பிரவேசம். அதற்கு முன் பூவாடை கும்பிட வேண்டும். அதற்குள் படம் போய்விட வேண்டும்.

நீ படித்தவன். போனவளைப் படம் எழுதி என்ன பிரயோஜனம்? ஸ்டவ் வெடித்தபோது நான் பால் டிப்போவில் இருந்தேன். அன்று க்யூ அதிகம். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவளை அணைக்கப் போனதில்தான் என் கை வெந்தது. இது குவார்ட்டர்சில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

குளிர் காலம் வருகிறது. ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
க. கஜபதி


பரோடா
26-9-1989

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

மாமா எனக்குக் கடிதம் போட்டார். உன்னிடம் சொன்னாரா தெரியாது. நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பால் டிப்போவில் இருந்தேன் என்கிறார். எல்லாம் முடிந்த பிறகு வந்தேன் என்கிறார். அடுத்த வரியில், அவளை அணைக்கப்போய்க் கை வெந்தது என்கிறார். முடிந்த பிறகு வந்தவர் எதை அணைத்தார்? நாலைந்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கன்னத்துக்கு ஏன் நிறம் வரவில்லை என்று இப்போது தெரிகிறது.

அக்டோபர் இருபதாம் தேதி வீராசாமி வண்டியோடு வருவார். படத்தைக் கொடுத்துவிடு. கண்காட்சியில் படத்துக்குக் கீழே தாயம்மா யார், எப்படிச் செத்தாள் என்று எழுதி ஒட்டப்போகிறேன். ஊர் படிக்கட்டும். பேப்பரில் வந்தால் வரட்டும். வரலட்சுமிக்குத் தெரிந்துவிடும் என்று நீ பயப்படுவாய். எத்தனை நாளைக்கு மறைப்பாய்? அவளை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. ஒரு அறை பார்க்கிறேன். அந்த வீட்டில் நீ எப்படிச் சோறு உண்கிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

உன் தம்பி,
உத்தமன்


முத்தாபுதுப்பேட்டை
14-11-1989

அன்புத் தம்பி உத்தமனுக்கு,

நீ சோறு உண்கிறாயா? முதலில் அதைச் சொல். நாங்கள் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். சுண்ணாம்பு வாசனையில் அத்தைக்கு இருமல். எனக்கு ஒன்றுமில்லை.

வீராசாமி சொன்ன தேதிக்கு வந்தார். காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் ஸ்காலர்ஷிப்பைக் கெடுத்துவிட்டேன் என்று தெரியும். திட்ட வேண்டுமானால் திட்டு. காரணத்தை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

நீ மார்ச்சில் கேட்டதற்கு இப்போது பதில். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காலை, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் தாயக்கா சொன்னாள். "ஊத்தனது அவருதான் பேபி. நான் போலீஸ்ல ஸ்டவ்வுன்னு சொல்லிட்டேன். நீயும் அப்டியே சொல்லு. இந்தாளு உள்ள போயிட்டா கொழந்த தெருவுல நிக்கும். நீ பாத்துக்கோ." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளுக்கு வாய் வரவில்லை. அப்பா என்னை அவருக்குக் கட்டிவைக்கப் பேசியபோது குழந்தை என் இடுப்பில் இருந்தது. தெரிந்தேதான் கழுத்தை நீட்டினேன். சோறு எப்படி உண்கிறாய் என்று கேட்டாயே. இந்தக் கையாலேயே அவருக்கு வடித்துக் கொட்டிவிட்டுத்தான் உண்கிறேன்.

படம் வந்த பிறகு அவர் கூடத்தில் உட்காருவதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். ஐந்து வருஷமாக நான் வாயைத் திறந்து சொல்ல முடியாததை நீ பரோடாவில் இருந்துகொண்டு சொல்லிவிட்டாய். அதனால்தான் வண்டியைத் திருப்பி அனுப்பினேன். ஊர் பார்த்து என்ன ஆகப்போகிறது? நாலு பேர் பார்த்து நல்லா வரைந்திருக்கிறான் என்பார்கள். பார்க்க வேண்டியவர் ஒருத்தர்தான். அவர் இங்கே இருக்கிறார்.

இந்த மாசம் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, புது வீட்டில் பூவாடை கும்பிட்டோம். அவர் படத்தைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வரலாம் என்றார். அத்தை விடவில்லை. கலசத்துக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டார். பம்பைக்காரர் பேர் மதுரைவீரன், அவர்தான் வர்ணித்தார். ஒருமுறை கூப்பிட்டார், அவள் வரவில்லை. இரண்டாம் முறையும் யார்மேலும் வரவில்லை. புது வீட்டில் மூத்தவள் வராமல் பால் காய்ச்ச முடியுமா என்று அத்தைக்கு அழுகை. பேர் சொல்லாமல் கூப்பிட்டால் எப்படி வருவாள் என்று மதுரைவீரன் கேட்டார். அத்தை என்னைக் கேட்காமல் பேர், உறவு எல்லாவற்றையும் அவர் காதில் சொல்லிவிட்டார். மூன்றாம் முறை அவர், கஜபதி கைப்பிடித்த மூத்தவளே, தாயம்மா, வரலட்சுமியைப் பெத்தவளே என்று உரக்க அழைத்தார்.

அப்போதும் வரவில்லை. அப்படியானால் கட்டினவர்தான் கலசத்தின் முன் நின்று, என்ன குறை என்று கேட்க வேண்டும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னா கொற உனுக்கு?" என்றார். ரேஷன் கடையில் கேட்பதுபோலக் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

என்மேல் அவள் வந்தாள் என்றுதான் இந்தத் தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். உனக்கு மட்டும் எழுதுகிறேன். வரவில்லை. நான் பேசின ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்தே பேசினேன். அவர் தலைமுடியைப் பிடித்து முகத்தைப் படத்தின் பக்கம் திருப்பினேன். "கொற கேக்கிறியே, என்னைப் பாத்து சொல்லு. ஸ்டவ்வு வெடிச்சிச்சா?" என்றேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "வெடிக்கல" என்றார். அப்படியே குப்புற விழுந்துவிட்டார்.

மதுரைவீரன் சட்டென்று பம்பையை ஓங்கி அடிக்க ஆரம்பித்தார். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. அத்தைக்குக் கேட்டது. கண் தெரியாதவருக்குக் காது கூர்மை. மகன் பக்கம் திரும்பவே இல்லை. தடவிக்கொண்டு வந்து என் நெற்றியில் திருநீறு பூசி, "மலையேறிடு தாயி, போதும்" என்றார். எனக்குச் சாமி வரவில்லை என்பது அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். காலையில் குளித்துவிட்டு அந்தப் படத்துக்கு அவரே கற்பூரம் காட்டுகிறார். நிமிர்ந்து பார்த்துத்தான் காட்டுகிறார். அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு அந்த எண்ணமே கிடையாது. அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் படம் இங்கேதான் இருக்கும்.

இத்தனையும் நான் பயப்படாமல் செய்துவிட்டேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வரலட்சுமி முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டாள், பெத்தவ என்றால் அம்மாதானே என்று. ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது பின்னலை எடுத்தபோது, "அப்ப நீ யாரு?" என்றாள்.

பின்னி முடித்து ரிப்பன் கட்டி அனுப்பிவைத்தேன். அவள் திரும்பவும் கேட்கவில்லை. சாப்பிடுகிறாள், பாடம் படிக்கிறாள், ராத்திரி பாட்டியோடு போய்ப் படுத்துக்கொள்கிறாள். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று, நான் பார்க்கும்வரை காத்திருக்கிறாள். பத்து நாளாகிறது. இன்னும் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை.

குளிருக்கு நெய் தடவிக்கொள். உடனே பதில் போடு.

உன் அக்கா,
பேபி